எட்டு மூட்டை ஆலிவ், ஒரு சின்னக் கார்

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சபதம் எடுத்தேன். என் மனைவி வர்தியா எதைச் சொல்கிறாளோ, அதற்கு நேர் எதிராகத்தான் செய்வேன்.

காரணம் இல்லாமல் இல்லை. என் பெயர் அக்லி. எங்கள் ஊர்க் காபிக் கடையில் "அக்லி இருக்காரா?" என்று கேட்டால், "எந்த அக்லி?" என்பார்கள். "வர்தியா வீட்டுக்காரர்" என்றால் நாலு பேர் எழுந்து வழி காட்டுவார்கள். எனக்கென்று ஒரு மரியாதை வேண்டாமா? அன்றிலிருந்து அவள் குடை எடுங்க என்றால் நனைந்தேன். கம்பளி போடுங்க என்றால் நடுங்கினேன். ஏழு வருஷத்தில் பதினாறு தடவை சளி பிடித்தது. ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஆலிவ் பறித்து முடித்த மறுநாளே டிராக்டர்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். எட்டு மூட்டை முற்றத்தில் கிடந்தது. காய் புழுங்கி, மூட்டைக்குள் கையை விட்டால் சுட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் பூசணம் பிடிக்கும். பிழிந்தால் நாற்றம்தான் வரும். எதிர்மலையில் இருக்கும் எண்ணெய் ஆலையில் எங்கள் முறை வியாழக்கிழமை காலை பத்து மணி. அதை விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான். ஒரு வருஷத்து எண்ணெய் போச்சு.

எதிர்வீட்டு வாத்தியார் பெலாய்திடம் ஒரு டிரெய்லரை இரவல் வாங்கினேன். இரண்டு சக்கரம், தனி பிரேக் கிடையாது. அதை இழுக்க என் கார். சின்னக் கார். என்னோடு ஒரு தர்பூசணி ஏறினாலே அதற்கு மேட்டில் மூச்சு வாங்கும். கியரை நாம்தான் மாற்ற வேண்டும். சில சமயம் அதுவே மாற்றிக்கொள்ளும்.

மூட்டையை ஏற்றும்போது வர்தியா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எல்லாத்தையும் கடைசியில தள்ளி வைங்க. அப்பதான் கார் மேல பாரம் விழாது."

"அப்படியா?" என்றேன். எட்டையும் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளி அடுக்கினேன்.

"சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

"கேட்டாச்சு. கேட்டதாலதான் மாத்தி வைக்கிறேன்."

"சரி, கயிறாவது கட்டாம விடுங்க. இறக்குறப்போ சுலபமா இருக்கும்."

நாலு சுற்றுக் கட்டினேன். முடிச்சுப் போட்ட வேகத்தில் என் சுண்டுவிரலும் உள்ளே போய்விட்டது. அதை எடுத்துவிட்டு மறுபடி கட்டினேன்.

"நான் வரல. எனக்கு அடுப்படியில வேலை இருக்கு," என்றாள்.

"வரணும்! ஏறு!" என்று அதட்டினேன்.

தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். என்ன ஒரு நிம்மதி எனக்கு!

ஊரிலிருந்து ஆற்றுப் பாலம் வரை ஒரே இறக்கம். மூன்று நாள் மழையில் ரோடு சோப்புப் போட்ட மாதிரி இருந்தது. இடது பக்கம் மலை. வலது பக்கம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே ஆறு நூல் மாதிரி தெரியும்.

"நியூட்ரல்ல போட்டு உருட்டுங்க. பெட்ரோல் மிச்சம்," என்றாள் வர்தியா.

உடனே இரண்டாவது கியரில் போட்டேன். கார் உறுமிக்கொண்டு, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளத் தள்ள, மெதுவாக இறங்கியது. மூன்றாவது வளைவு தாண்டி ரோடு கொஞ்சம் நேரானது. தைரியம் வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். அவ்வளவுதான். டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் வால் மாதிரி. பிறகு நாயையே ஆட்டுகிற வால் மாதிரி. கண்ணாடியில் மூட்டைகள் இந்தப் பக்கம் தெரிந்தன. மறு நொடி அந்தப் பக்கம் தெரிந்தன. ஸ்டியரிங் என் கையில் மீன் போலத் துள்ளியது.

வர்தியா கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு கத்தினாள். "இன்னும் வேகமா போங்க! இல்லன்னா ஓங்கி பிரேக் அடிங்க!"

"முடியாது!" என்று கத்தினேன். காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். ஒரு ஆட்டம், இன்னொரு ஆட்டம், சின்னதாக ஒரு ஆட்டம், அப்புறம் டிரெய்லர் சமர்த்தாகப் பின்னால் வந்தது.

"பாத்தியா?" என்றேன்.

பாலத்தைத் தாண்டினால் ஆலை வரை ஒரே ஏற்றம். மணி ஒன்பது நாற்பது. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலையில், வளைவில், எதிரே பஸ். ரோட்டில் இரண்டு வண்டிக்கு இடம் இல்லை. நின்றேன். பஸ் எங்களை உரசாத குறையாக ஒதுங்கிப் போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

கார் பின்னால் நழுவியது.

ஒரு சாண். இன்னொரு சாண். டிரெய்லர் மெல்லத் திரும்பி, மூக்கு மலையையும் வால் பள்ளத்தையும் பார்த்தது.

வர்தியாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "பிரேக்கை… விட்டுடுங்க."

"மாட்டேன்!" இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி நின்றேன். கார் நின்றது. என் முதுகில் வியர்வை ஓடியது.

அவள் கதவைத் திறந்து குதித்தாள். ரோட்டோரத்தில் கிடந்த கற்களைத் தூக்கி வந்து டிரெய்லர் சக்கரத்துக்கும் கார் சக்கரத்துக்கும் பின்னால் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினாள். திரும்பி வந்து ஜன்னலில் தலையை நீட்டினாள். மூச்சு வாங்கியது.

"ரெண்டாவது கியர்ல எடுங்க. ஹேண்ட் பிரேக்கை முதல்லயே விட்டுடுங்க. கிளட்சை ஒரேயடியா விடுங்க."

முதல் கியரில் போட்டேன். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். எஞ்சின் சத்தம் மாறி, காரின் மூக்கு உயர்ந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. டயர் ஒரு தரம் சுற்றி, மண்ணைப் பிடித்து, கார் நகர்ந்தது. நிறுத்தினால் அவ்வளவுதான் என்று நான் ஏறிக்கொண்டே இருக்க, வர்தியா பக்கத்திலேயே ஓடி வந்து, கதவைப் பிடித்து, உள்ளே விழுந்தாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆலை வாசலில் நின்றோம். எட்டு மூட்டையும் பத்திரம். எனக்கு நெஞ்சு இரண்டு மடங்கு பெருத்துவிட்டது. அவள் சொன்ன ஒரு பேச்சையாவது கேட்டிருந்தால் ஆற்றில் மிதந்திருப்போம்!

ஆலைக்காரர் மொக்ரான் வெளியே வந்தார். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"பிரமாதம் தம்பி. பாரத்தை முன்னாடி வச்சிருக்கே. இறக்கத்துல கியர்லயே வந்தியா?"

"பின்னே?"

"ஆடிச்சா?"

"ஆடிச்சு. காலை எடுத்துட்டேன். பிரேக்கைத் தொடல."

"அதான், அதான்! நான் சொன்னதை அப்படியே சொல்லிட்டாங்க உங்க வீட்டம்மா. மூணு நாளா போன். 'அவர் ஓட்டப் போறாரு, என்னென்ன சொல்லணும் சொல்லுங்க'ன்னு. நேத்து ஒரு தடவை எல்லாத்தையும் ஒப்பிச்சுக் காட்டினாங்க. ஒரு எழுத்து தப்பில்ல!"

நான் மெதுவாகத் திரும்பினேன். வர்தியா ஆலையில் கொடுத்த ரொட்டியைப் புது எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்தியா."

"என்னங்க?"

"நீ எனக்குத் தலைகீழாத்தான் சொன்னே."

"நேரா சொல்லியிருந்தா இப்ப நீங்க ஆத்துல, நான் விதவை." ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். "சாப்பிடாதீங்க, நல்லாவே இல்ல."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஆனால் அக்லி ஒரு தடவைதான் ஏமாறுவான். எண்ணெய்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு பிரிகிற இடம் வந்தது. இடது பக்கம் போனால் அவள் அம்மா வீடு. போன குளிர்காலத்தில் ஒரு வாரம் என்று வந்து மூன்று மாதம் தங்கி, என் நாற்காலி, என் போர்வை, என் ரேடியோ மூன்றையும் கைப்பற்றிய அம்மா.

"அம்மா வீட்டுக்கெல்லாம் போக வேண்டாங்க," என்றாள் வர்தியா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "நேரா வீட்டுக்குப் போயிடலாம்."

ஆகா! வேண்டாம் என்றால் நான் வண்டியைத் திருப்புவேன், மாமியாரை ஏற்றிக்கொள்வேன் என்று கணக்கு. இந்த ஒரு தடவை நீ சொன்னதையே செய்கிறேன் பார்!

"நீ சொன்னா சரிதான்," என்றேன். வண்டியைத் திருப்பாமல் நேராக விட்டேன். அவள் முகம் வாடியது மாதிரி இருந்தது. வீடு வரை விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

கதவைத் திறந்தால், என் நாற்காலியில் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாமியார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார். "காலை பஸ்ஸிலேயே வந்துட்டேன். இன்னைக்கு எங்கேயும் திரும்பாம நேரா வீட்டுக்கு வந்துடுவீங்கன்னு வர்தியா நேத்தே சொல்லிட்டா."