மாடி அறைக்கு வந்த வரி

எனக்கு இரண்டு பேரிடம் பயம். ஒன்று வருமான வரித்துறை. இன்னொன்று என் மனைவி லூயிசா. வரித்துறைக்காவது சனி, ஞாயிறு லீவு உண்டு.

சாந்தோமில் எங்கள் வீட்டு மாடி அறையை ஒரு ஆப் வழியாக நாள் வாடகைக்கு விடுகிறேன். வருபவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். பணம் என் கணக்கில் விழும். "கரண்ட் பில்லுக்கே சரியாப் போயிடுது" என்று லூயிசாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வரித்துறையிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. ரிட்டர்னில் பென்ஷனை மட்டும் காட்டினேன்.

பாழாய்ப்போன ஆப், என் பான் நம்பரைப் போட்டு அத்தனையையும் வரித்துறைக்குச் சொல்லியிருக்கிறது. செல்போனுக்குச் செய்தி வந்தது. ரிட்டர்னில் சில வருமானம் விடுபட்டிருக்கிறதாம், தயவுசெய்து சரிபார்க்க வேண்டுமாம். அந்த 'தயவுசெய்து'வைப் பார்த்ததும்தான் எனக்குப் பயமே வந்தது. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வந்தது தண்ணி லாரி.

திருவல்லிக்கேணிக்கு, ஆடிட்டர் அன்வர் பாஷாவிடம் ஓடினேன்.

"பாய், ஜெயிலா?"

"உக்காருங்க அகஸ்டின் சார். போன வருஷ ரிட்டர்னைத் திருத்திப் போட்டு வரியைக் கட்டிடுங்க. இந்த வருஷத்துலேர்ந்து ஒழுங்கா காட்டுங்க. ரூமை மட்டும் விட்டா வாடகை. டிஃபன், துண்டு, சுத்தம் பண்றதுன்னு எல்லாம் சேர்த்துக் குடுத்தா தொழில். தொழில்னா செலவைக் கழிச்சுக்கலாம்."

"டிஃபன் உண்டு பாய். லூயிசா ஆப்பம் சுடுறா."

"சம்பளம் தர்றீங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பொதுவா பெண்டாட்டிக்குத் தர்ற சம்பளத்தை உங்க வருமானத்துலயே சேர்த்துடுவாங்க சார். அந்த வேலைக்குன்னு படிச்சவங்களா இருந்தா வேற கதை."

லூயிசா கேட்டரிங் டிப்ளமா வாங்கியவள். அதை ஆயுளில் முதல் தடவையாக மெச்சிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வரி நன்றாகக் குறையட்டும் என்று தொகையைத் தாராளமாகப் போட்டு, ஒரு வேலை ஒப்பந்தம் எழுதி அவளிடம் நீட்டினேன்.

"சும்மா ஒரு கையெழுத்து போடும்மா."

"சமையல் நிபுணர் லூயிசா, மாசச் சம்பளம் இருபத்தஞ்சாயிரம். என்னங்க இது?"

"பேப்பர்ல மட்டும்தான். வரி குறையும்."

"கரண்ட் பில்லுக்கே சரியாப் போற ரூமுக்கு எதுக்குங்க வரி?"

மாட்டிக்கொண்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஆடிட்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பாய், சம்பளத்தைப் பேப்பர்ல மட்டும் எழுதினா என்னாகும்?"

"தப்பும்மா. நோட்டீஸ் வரும். மாசாமாசம் உங்க பேங்க் கணக்குல போட்டாகணும்."

நோட்டீஸ் என்றதும் நான் பாத்ரூம் பக்கம் நகர்ந்தேன். லூயிசா அதைப் பார்த்துவிட்டு என் செல்போனை எடுத்து என் கையிலேயே வைத்தாள்.

"எனக்கென்னங்க, நீங்க எவ்ளோ போட்டாலும் சந்தோஷம். ஆபீசருங்க வந்து உங்களைக் கூட்டிட்டுப் போகக் கூடாது, அவ்ளோதான். அனுப்புங்க."

அனுப்பினேன். மாடி அறை சம்பாதிப்பதில் முக்கால்வாசி அதிலேயே போயிற்று. அதற்குப் பிறகுதான் கையெழுத்து போட்டாள்.

"இன்னொண்ணு. நிபுணருங்க துண்டு துவைப்பாங்களா?"

"மாட்டாங்க."

"பாத்ரூம் கழுவுவாங்களா?"

"அதுக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாம்மா."

"வைங்க. சம்பளத்துக்குக் காசு இருக்கா?"

இல்லை.

போன வாரம் நாக்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். ஊருக்குப் போய் ஆப்பில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதியிருக்கிறார்கள்: "ஆப்பம் பிரமாதம். ஓனர் மேடம் தங்கமானவர். துண்டு கொண்டுவரும் பெரியவர்தான் பாவம், எதற்கோ பயந்துகொண்டே இருக்கிறார்."