லிஃப்ட்டில் மாட்டிய ஆங்கிலம்

இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே தயாளன், கோட்டும் டையுமாக.

கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவில் பத்து மணிக்கு அவர் சிறப்பு விருந்தினர். வாழ்க்கையில் ஏறப்போகும் முதல் மேடை. தலைப்பு, ஆங்கிலச் சொல்வளம். கீழே கார் காத்துக்கொண்டிருந்தது.

அலாரம் பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை. அது செத்து மாதக்கணக்காகிறது. சரிசெய்யச் சொல்லி அடுக்ககத்தின் வாட்ஸப் குரூப்பில் அவரே உயர்ந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எல்லாரும் கைத்தட்டல் படம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அகராதியோடு உட்கார்ந்தவர் தயாளன். தினம் காலையில், அவர் குடியிருக்கும் மாடம்பாக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு சொல்லையும், அதை வைத்து ஒரு வாக்கியத்தையும் குரூப்பில் போடுவார். கைத்தட்டல் படங்கள் வந்து குவியும். அந்த மிதப்பில் மனிதர் தரையில் நடப்பதையே விட்டுவிட்டார். மூன்றாம் மாடி பச்சையம்மா ஒருமுறை, "தண்ணி வர்ல, மோட்டாரு போடுங்கோ" என்று குரூப்பில் பேசி அனுப்பியதற்கு, "இது படித்தவர்கள் குரூப்" என்று ஆங்கிலத்தில் பதில் போட்டார். அந்த அடுக்ககம் நிற்பதே பச்சையம்மா குடும்பத்து நெல்வயலில்தான்.

போன் செய்து பார்த்தார். சிக்னல் அறுந்து அறுந்து போனது. மனைவி தனம் வழக்கம்போலக் குன்றத்தூர் கோயிலுக்குப் போயிருந்தாள். கத்தலாம், ஆனால் கோட்டு போட்டவர் கத்துவதா? மெசேஜ் மட்டும் போயிற்று.

'ஹெல்ப்' என்று எழுதக் கை கூசியது. எல்.கே.ஜி. பிள்ளை எழுதுகிற சொல் அல்லவா அது? லிஃப்ட்டில் சிறைப்பட்டேன் என்பதைத் தன் தகுதிக்கேற்ப எழுதினார்: "ஐ ஆம் இன்கார்சரேட்டட் இன் தி எலிவேட்டர்."

கைத்தட்டல் குவிந்தது. "சூப்பர் சார்!" என்றார் அடுக்ககச் செயலாளர் மோகன்ராஜ்.

'மண்டூகங்கள்! இன்றைய சொல் என்று நினைத்துவிட்டார்கள்.'

என்னை விரைந்து மீட்கவும் என்று இன்னும் அழுத்திச் சொன்னார்: "கைண்ட்லி எக்ஸ்பெடைட் மை எக்ஸ்ட்ரிகேஷன்."

"ஒரே நாள்ல ரெண்டு வேர்டா! கலக்குங்க சார்!"

ஃபேன் நின்றது. கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. கீழே ஹாரன் ஒலித்து ஒலித்து, கடைசியில் கார் புறப்பட்டுப் போகும் சத்தமும் கேட்டது. மேடை போயிற்று, மூச்சாவது மிஞ்சட்டும் என்று தமிழில் தட்டினார்: "லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டேன். காப்பாற்றுங்கள்."

அதற்கும் கைத்தட்டல். கூடவே ஒரு பூச்செண்டு.

தயாளனுக்குள் அகராதி முழுவதும் ஒதுங்கி வழிவிட, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. "ஐயோ! யம்மா!"

"இன்னா சார், உள்ளயா கீற?" பச்சையம்மாவின் குரல். "பயப்படாத. இதோ ஆள இட்டாறச் சொல்றேன்."

மெக்கானிக் வரும்வரை அவள் கதவோரமே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

குடித்த வேகத்தில், கூச்சல் கேட்டு வந்து நின்ற மோகன்ராஜ் மேல் தயாளன் பாய்ந்தார். "கடைசியில தமிழ்லதானேய்யா எழுதினேன்? தமிழ் கூடவா படிக்கத் தெரியாது உங்களுக்கு?"

பச்சையம்மா குறுக்கே வந்தாள்.

"அவர இன்னாத்துக்கு சார் திட்ற? நீ குரூப்புல எழுத ஆரம்பிச்சப்பவே உன் வூட்டம்மாதான் குன்றத்தூர் பிரசாதத்த தூக்கிகினு வூடு வூடா வந்து, 'ரிட்டயரான மனுசன், மனசு ஒடிஞ்சுபூடுவாரு, அவரு இன்னா போட்டாலும் படிக்காட்டியும் பரவால்ல, கைய மட்டும் தட்டிடுங்க'ன்னு கெஞ்சிகினு போச்சே!"