பாய்லர் அண்ணன் நசுக்கிய எலுமிச்சம்பழம்

உள்ளே ஒரு அறையைக்கூட எட்டிப் பார்க்காமல் ஃப்ளாட் வாங்கிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் பாய்லர் அண்ணன். சொந்தப் பெயர் என்னவென்று அவர் மகளுக்கும் கரண்ட் பில்லுக்கும் மட்டும்தான் தெரியும்.

துறைமுகத்தில் நீராவி இன்ஜின் ஓட்டியவர். கப்பலிலிருந்து இறங்கும் கரியையும் கோதுமையையும் வேகன் வேகனாகத் தள்ளிய அந்த இன்ஜினை, எங்கள் பில்டர் ஏலத்தில் எடுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருபதடித் தண்டவாளம் போட்டு அழகுக்கு நிறுத்தியிருந்தார். மகளோடு வீடு பார்க்க வந்த அண்ணன், ஆட்டோவிலிருந்து இறங்கியதும் இன்ஜினின் வயிற்றில் இருந்த ஒரு நசுங்கலைத் தடவினார்.

"இது நான் கிரேன் மேல இட்ச்சது. இதே வூடுதாம்மா, அட்வான்ஸ் குட்த்துடு," என்றார்.

வந்த வருடமே வம்பு. கட்டடத்தோடு பொருந்தட்டும் என்று அசோசியேஷன் இன்ஜினுக்கு ரோஸ் பெயிண்ட் அடித்தது. அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து சுரண்டினார்.

"கரி தள்னவ சார் இவ. பர்த்டே கேக் மாதிரி ஆக்கி வெச்சிகிறீங்களே," என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நான் அப்போது அசோசியேஷன் செயலாளர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் காருக்குப் பார்க்கிங் கிடையாது. இன்ஜின் போனால் இரண்டு கார் நிற்கலாம்: ஒன்று என்னுடையது, இன்னொன்று பொருளாளர் மேடத்துடையது. ஆகவே பொதுநலன் கருதி, ஓடாத வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புவோம் என்று கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன்.

அண்ணன் எழுந்தார். "ஆயுத பூஜைக்கு உங்க வண்டில்லாம் எலுமிச்சம்பழம் நசுக்குதுல்ல? இவளும் நசுக்கிட்டா?"

"நசுக்கிட்டா ஓடற வண்டின்னு ஒத்துக்கறோம்ணா. இங்கயே இருக்கட்டும்," என்றேன் பெருந்தன்மையாக. துருப்பிடித்த அந்த மலை நகரவா போகிறது?

அன்றிலிருந்து அண்ணன் இன்ஜினுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தினார். துருவை இளக்க லிட்டர் லிட்டராக மண்ணெண்ணெய். அவர் பக்கத்தில் வந்தாலே லிஃப்டில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

ஆயுத பூஜை அன்று காலை பஞ்சர் கடைக்காரர் கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு வந்தார். பழைய பாய்லரில் நெருப்பு வைத்தால் ஆபத்து என்று அண்ணனுக்கே தெரியும். நீராவிக்குப் பதிலாகச் சிலிண்டருக்குள் காற்றை விடுவதாக ஏற்பாடு. மாலை போட்டு, சந்தனம் வைத்து, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குடியிருப்பே பால்கனியில் நின்றது.

அண்ணன் மேலே ஏறினார். இன்ஜின் முனகியது, தும்மியது, என் புதுச் சட்டையில் எண்ணெய் துப்பியது. பிறகு நிஜமாகவே நகர்ந்தது. பின்பக்கமாக.

பழம் இரண்டும் முன்னால் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தன. காலமெல்லாம் பின்பக்கமாகவே வேகன் தள்ளிப் பழகிய கை, ரிவர்ஸ் லீவரைத்தான் போட்டிருக்கிறது.

"பழம் முன்னால கீது நைனா," என்று பஞ்சர் கடைக்காரர் அலறினார்.

"லீவர் சிக்கிக்கினு வரமாட்டேங்குதுடா."

கம்ப்ரஸரில் காற்றும் தீர்ந்துகொண்டிருந்தது. பொருளாளர் மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் மேலே அண்ணன் யாரையும் பார்க்காமல் இன்ஜினைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "பரவால்லம்மா. நவுந்துட்டல்ல, அது போதும்," என்றார்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. ஓடிப்போய்ப் பழங்களை எடுத்தேன். ஒன்று உருண்டு சாக்கடைக்குப் போனது. இன்னொன்றைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் திணித்துவிட்டுக் கையை இழுப்பதற்குள் சாறு முகத்தில் அடித்தது. இன்ஜின் நின்றுவிட்டது.

"சார், பழம் எப்படிப் பின்னாடி வந்துச்சு?" என்று மேடம் கேட்டார்.

"மொதல்லேர்ந்தே அங்கதானே மேடம் இருந்துச்சு," என்றேன்.

பால்கனிகளில் விசில் பறந்தது. அண்ணன் இறங்கி வந்தார். இன்ஜின் துடைக்கும் துணியை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். இருந்த சாறு போய்க் கரி அப்பிக்கொண்டது.

எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.