அடிக்கடி செத்த மிளகு நானா

பிள்ளைகளே, மாத்தளைப் பக்கம் நான் அட்டெண்டனாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மிளகு நானாவைப் போல அடிக்கடி செத்தவர் வேறு யாரும் கிடையாது. சில நாள் காலையிலேயே இரண்டு தரம் செத்துவிட்டு, பத்து மணிக்குப் பிளேன்டீ கேட்பார்.

மிளகுக் கொடி வளர்க்கிறவர்; மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். காலில் ஆறாத புண்ணோடு வந்து ஏழாம் கட்டிலில் படுத்தவர், அதையே தன் வீடாக்கிக்கொண்டார். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் நோயாளிகளிடம் பேசிப் பழக எங்கள் வாட்டுக்கு வருவார்கள். வந்ததும் கொப்பியைத் திறந்து, என்ன நோய், என்ன வருத்தம் என்பார்கள். வீட்டுக்கு வந்தவர் சுகம் விசாரிக்காமல் வருத்தம் விசாரிப்பதா? நானா கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்.

"நான் மவுத்தாகிட்டேன் மகன். அடுத்த கட்டிலப் பாருங்க."

ஒரு பெண்பிள்ளை அவர் மூச்சை அடக்கியதை நிஜச் சாவென்று நம்பி, நர்ஸைக் கூப்பிட ஓடிய ஓட்டத்தில் என் கஞ்சி வாளி கவிழ்ந்தது.

அந்தக் கூட்டத்தில் நெட்டையாக ஒரு தம்பி இருந்தார். தரையைப் பார்த்துத்தான் பேசுவார். நானா அவருக்கு மட்டும் நாலு தடவை செத்தார். பெரிய டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நோயாளியிடமாவது ஒழுங்காகக் கதை கேட்காவிட்டால், படிப்பை விட்டு ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் காட்டியது ஏழாம் கட்டிலை. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. நானாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே மேகம் கறுத்திருந்தது.

"நானா, மழை வருதே. வீட்டுல மொளகு காயப் போட்டிருக்கா?"

கட்டப்போன கை பாதியில் நின்றது.

"உக்காருங்க மகன்" என்றார் நானா.

பிறகு மிளகு காயும் பாய், மகள், மகளின் ஆடு என்று பேச்சு ஓடி, மிளகு பறிக்க ஏறும் ஏணிக்கு வந்தது. அங்கே நானா குரலைத் தாழ்த்தினார்.

"நாலு படி ஏறினா நெஞ்சு அடைக்குது. யாருக்கும் சொல்லல்ல. சொன்னா ஏணியப் புடுங்கிருவாங்க."

மூன்று மாதமாகப் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர், குழலை எடுத்து நானாவின் நெஞ்சில் வைத்தார். மற்றக் கையால் தம்பியின் முதுகில் ஒரு தட்டு. தம்பி ஊருக்குப் போகவில்லை. ஏணிதான் போனது. அந்தக் கோபத்தில் நானா மத்தியானம் எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு தரம் செத்தார்.

பல வருஷம் கழித்து, அதே வாட்டில், அவர் நிஜமாகவே கண்ணை மூடினார். டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதும் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நானா, மழை வருதே" என்று சொல்லிப் பார்த்தேன்.