ராசாவின் தொண்டையில் ஒரு கோடு

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளையின் கையில் பூதக்கண்ணாடி கொடுக்கக் கூடாது. அந்த வயதில் வீட்டில் யாரும் எங்கள் கதையைக் கேட்பதில்லை. கந்தோரில் கையெழுத்துக்கு மட்டும் தேடுவார்கள். அப்படிப்பட்டவனிடம் ஒரு பூதக்கண்ணாடி போய்ச் சேர்ந்தால், உலகத்துக் குறைகள் எல்லாம் தன் கண்ணில் படுவதற்காகவே காத்துக் கிடந்தன என்று நம்பத் தொடங்கிவிடுவான்.

நானும் நம்பினேன். கரம்பொனில் இருந்தபடி இரண்டு வருடம் பழைய காசு சேர்த்தேன். அலுமாரியில் என் வேட்டிகளுக்கென்று இருந்த தட்டில் காசுகள் இடம் பிடித்துக்கொள்ள, வேட்டிகள் கதிரைக்குக் குடிபெயர்ந்தன.

இந்தக் கலையில் நான் தலைகுப்புற விழுந்த இடத்தின் பெயர் அச்சு வெடிப்பு. காசு அடிக்கிற உருக்கு அச்சு, அடித்து அடித்துக் களைத்து ஒருநாள் வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுவதால், அதன் பிறகு பிறக்கிற ஒவ்வொரு காசிலும் மெல்லிய மேடாக ஒரு கோடு விழும். கீறல் என்பது பள்ளம், காசு பிறந்த பிறகு பட்ட அடி. அது தரத்தைக் குறைக்கும். அச்சு வெடிப்போ மேடு, பிறக்கும்போதே கூட வந்த மச்சம். தரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் குறையாக எடுப்பதில்லை. முகத்துக்குக் குறுக்கே அலங்கோலமாக ஓடினால் சிலர் முகம் சுளிப்பார்கள். நல்ல இடத்தில் தொடங்கி விளிம்புவரை ஓடினால் என்னைப் போன்றவர்களுக்கு நித்திரை வராது.

(இந்தப் பந்தியை என் மனைவி இதுவரை நாற்பது தடவையாவது கேட்டிருக்கிறாள். நாற்பது தடவையும் அவளுக்குக் குசினியில் ஏதோ அடிப்பிடித்தது.)

இந்த அறிவோடுதான் வேலணையில் அக்கா வீட்டுப் பொன்னுருக்கலுக்குப் போனேன். அக்காவின் மகன் கஜனுக்குக் கல்யாணம். பெண்ணும் அவனும் விரும்பி, பெண்ணின் தகப்பன் மூன்று வருடம் மறுத்து, கடைசியில் ஒருவாறு தலையாட்டியிருந்தார். ஆட்டிய தலை எந்த நேரமும் மற்றப் பக்கம் ஆடலாம் என்ற பயத்தில் அக்கா வீட்டில் எல்லோரும் அவர் முன்னால் மெதுவாகத்தான் தும்மினார்கள்.

அன்று அவர் தன் தமக்கையோடு வந்திருந்தார். புங்குடுதீவு மாமி என்று கஜன் அறிமுகப்படுத்தினான். வாட்டசாட்டமான மனுசி. தன் கையால் செய்த பயித்தம் பணியாரத்தைப் பெரிய தட்டில் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, நாங்கள் செய்த பலகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

தாலி செய்கிற பத்தர் முற்றத்தில் சிரட்டைக்கரியை மூட்டித் தயாராக இருந்தார். தாலிக்கு உருக்க வேண்டிய பவுண் காசு வெற்றிலைத் தட்டில் வைத்துச் சபைக்குள் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். அத்தான் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக் கனடாச் சொந்தக்காரருக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

தட்டு என்னிடம் வந்தது. நான் தொடவில்லை. சட்டைப் பையில் இருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்தினேன்.

காசில் இருந்த வெள்ளைக்கார ராசாவின் தொண்டையில் தொடங்கி, தாடிக்குக் கீழால் வளைந்து, விளிம்புவரை மயிர்போல ஒரு கோடு. நகத்தால் தடவினேன். மேடு! அச்சு வெடிப்பு! இவ்வளவு வடிவான ஒன்றை நான் படத்தில்கூடக் கண்டதில்லை. இன்னும் கால் மணித்தியாலத்தில் இது உருகப் போகிறது என்று நினைக்க, தட்டை விடக் கை வரவில்லை.

“தம்பி, கும்பிட்டிட்டு அங்காலை குடு,” என்றாள் அக்கா.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அக்கா, இந்தக் காசிலை எனக்கு ஆசையாய்க் கிடக்கு” என்று ஒரு வரி. ஆனால் படித்தவன் அப்படிக் கேட்பானா? தொண்டையைச் செருமினேன்.

“பிழை எண்டு சொல்ல ஏலாது. ஆனால் காசிலை ஒரு வெடிப்பு இருக்குது. தாலிக்கு எண்டபடியால்தான் யோசிக்கிறன்.”

கரியில் ஒரு சிரட்டைத் துண்டு மட்டும் ‘டப்’ என்றது.

“வெடிப்போ?” என்று பெண்ணின் தகப்பன் நிமிர்ந்தார். மூன்று வருடமாகத் தேடிய காரணம் வெற்றிலைத் தட்டில் வந்து இறங்கியதுபோல ஒரு வெளிச்சம் அவர் முகத்தில்.

அக்கா என் காதுக்குள் குனிந்தாள். “டேய், உனக்கு விசரோ? பெடியன்ரை வாழ்க்கையெடா.”

“ஒருதரும் பயப்பிடாதேங்கோ,” என்று எழுந்தேன். “என்னட்டை ஒரு பவுண் காசு இருக்குது. ஒரு கோடு, ஒரு கீறல் கிடையாது. அதைத் தாறன். தாலிக்கு அது போகட்டும். இந்தக் குறைக்காசை நான் வைச்சிருக்கிறன்.”

“தாய்மாமன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கோணும்!” என்றார் யாரோ. நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். (தியாகம் செய்யும்போது எந்தப் பக்கம் குனிந்தால் படத்தில் நன்றாக விழும் என்று அந்த நிலையிலும் யோசித்தேன்.) கஜன் என் கையைப் பிடித்து, “மாமா, கெதியா வந்திடுங்கோ” என்றான். அவன் கை குளிர்ந்திருந்தது.

கரம்பொனுக்கு மோட்டார்சைக்கிளில் பறந்தேன். வழியில் நின்ற மாடுகள்கூட என் முகத்தைப் பார்த்து விலகின. வீட்டில் அலுமாரியைத் திறந்து என் சேகரிப்பின் மகுடத்தை எடுத்தேன். கொழும்பில் ஒருவரிடம் வாங்கியது. கண்ணாடிபோல் மினுங்கும். அதில் குறை தேடி நான் ஒரு மாதம் தோற்றிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது சுபவேளை முடியப் பதினொரு நிமிடம் இருந்தது.

பத்தர் என் காசை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் உறவினரைப் பார்க்கிற டொக்டர்போல என்னைப் பார்த்தார். பிறகு உரைகல்லில் ஒரு இழுப்பு, அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம். கோடு பச்சையாக நுரைத்து மறைந்தது.

“ஐயா, இது ஆரிட்டை வாங்கினது?”

“கொழும்பிலை. நல்ல மனுசன்.”

“நல்ல மனுசன்தான். நல்லாய்ப் பூசியிருக்கிறார். உள்ளுக்குப் பித்தளை. நீங்கள் நிறுத்துப் பாக்கேல்லையோ?”

நான் நிறுக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், வெயிலில் பார்த்தேன், ரோச் லைற்றில் பார்த்தேன். பலசரக்குக் கடைத் தராசில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பெண்ணின் தகப்பன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “ஒண்டு வெடிச்ச காசு, மற்றது பித்தளை. சகுனம் சரியில்லை. வேறை நாள் பாப்பம்.”

அந்த ‘வேறை நாள்’ எந்த நாட்காட்டியிலும் இல்லாத நாள் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். கஜன் யாரையும் பார்க்கவில்லை; நிலத்தைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் என் படிப்பு, பூதக்கண்ணாடி எல்லாம் சாம்பலாயின.

“ஐயா, இருங்கோ!” என்று கத்தினேன். “அந்தக் காசிலை ஒரு பிழையும் இல்லை! வெடிச்சது காசில்லை, அச்சு!”

பிறகு விளக்கினேன். உருக்கு அச்சு, களைப்பு, மேடு, பள்ளம், மச்சம். மனைவி நாற்பது தடவை தப்பி ஓடிய அதே பந்தி. எழுந்தவர் உட்காரவில்லை.

புங்குடுதீவு மாமி மட்டும் கையை நீட்டினார். “உதை இஞ்சை தாரும்.”

அக்காவின் காசை வாங்கி நகத்தால் தடவினார். “ஓம், மேடாய்த்தான் கிடக்கு.” ஒரு கணம் யோசித்தார். பிறகு தான் கொண்டுவந்த தட்டில் இருந்து ஒரு பணியாரத்தை எடுத்துத் தன் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்தார். அதன் முதுகில், ஓரம்வரை, மெல்லிய மேடாக ஒரு கோடு!

“இது என்ன, சொல்லு பாப்பம்? என்ரை பணியார அச்சிலை ஒரு வெடிப்பு. அதுக்கை மா போய் எல்லாத்திலையும் கோடு விழும். பணியாரமோ வெடிச்சது? தம்பி, நீ முப்பது வருசமாய் இதைத்தான் தின்னுறாய். ஒருநாளாவது வேறை நாள் பாப்பம் எண்டு சொன்னனியோ?”

முதலில் சிரித்தது பத்தர். பிறகு முற்றமே சிரித்தது. நாலு விநாடி பிந்திக் கனடாவும் சிரித்தது. பெண்ணின் தகப்பன் பணியாரத்தைப் பார்த்தார், காசைப் பார்த்தார். சிரிப்பு வராமல் இருக்கப் பெரும்பாடுபட்டு, தோற்றுப்போய் உட்கார்ந்தார்.

மாமி என் பக்கம் திரும்பினார். “இது பிழையில்லை எண்டு உமக்கு முந்தியே தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ அப்பிடிச் சொன்னனீர்?”

“ஓம்.”

“ஏன்?”

ஐம்பத்திரண்டு வயது, பட்டப்படிப்பு, இரண்டு அலுமாரி புத்தகம். வாயில் வந்தது ஒரே ஒரு பதில்தான். “வடிவாய் இருந்தது, மாமி.”

சுபவேளைக்கு மூன்று நிமிடம் மீதியிருக்க, காசு பொன் உருக்கும் மூசைக்குள் போனது. ராசாவின் முகம் சிவந்தது, தாடி கரைந்தது, கோடு போனது. தங்கம் ஒரு துளியாகத் திரண்டு, குறை சொல்ல இடமில்லாத வட்டமாக நின்றது. “நல்ல வட்டம்!” என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் அழுதேன். “பாவம், மருமகனிலை அவருக்கு எவ்வளவு பாசம்!” என்று கனடாவில் இருந்து ஒரு பெண்குரல் உருகியது. அது அப்படியே பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கல்யாண நாளன்று கஜன் அதைக் குடும்பக் குழுவில் போடுவான்.

இன்று எங்கள் குடும்பத்தில் எந்தப் பொன்னுருக்கல் நடந்தாலும் வெற்றிலைத் தட்டு என்னைச் சுற்றி வளைந்து போகும். வாசலிலேயே யாராவது என் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார்கள். பித்தளைக் காசு கஜன் வீட்டில் கரம் விளையாடுகிற பலகையில் அடிகாயாக வேலை பார்க்கிறது. சும்மா சொல்லக் கூடாது, வழுக்கிக்கொண்டு நன்றாகப் போகிறது.

புங்குடுதீவு மாமி கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு அந்தப் பணியார அச்சையே பரிசாகக் கொடுத்துவிட்டார். அதனால் நான் கஜன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தேத்தண்ணியோடு ஒரு தட்டுப் பணியாரம் வரும். மருமகள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “மாமா, இது என்ன தரம்? பாத்துச் சொல்லுங்கோ” என்பாள்.

நானும் மறுப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, கோட்டை நகத்தால் தடவிப் பார்த்து, உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் போட்டும் பார்த்துவிட்டுத்தான் கடிக்கிறேன். இதுவரை ஒன்றும் பித்தளையாக இருந்ததில்லை.