செவ்வாய்க்கிழமைக் கடுகு

பாத்தி எட்டடியா பத்தடியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வேறு சிலவற்றிலும் பிசகு இருக்கலாம். கிழமை செவ்வாய் என்பது மட்டும் நிச்சயம்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் சந்திரகாந்தி தனியாக இருந்தாள். முப்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். மகன் கத்தாரில். அடுப்பிடம் பேசிக்கொண்டிருந்தவளைத் தேடி விவசாய அலுவலகத்திலிருந்து துஷாந்தினி மிஸ் வந்து, வீட்டுக்குப் பின்னால் இரண்டு கடுகுப் பாத்தி போடவைத்தாள்.

"ஒரு பாத்திக்கு மட்டும் இந்த நானோ உரத்தத் தெளிக்கணும்மா. கண்ணுக்கே தெரியாத துத்தநாகத் தூளு. விளைச்சலும் கூடும், கடுகுல எண்ணெயும் கூடும்."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு எதுக்கு மிஸ் இவ்ளோ பெரிய போத்தல்?"

மிஸ் சிரித்தாள். அந்தக் காம்பராவில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

"செவ்வாய்க்கெழமதோறும் அளக்க வருவேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருச்சுன்னா வேலை முடிஞ்சுது. அப்புறம் ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

போத்தலையும் அளக்கும் டேப்பையும் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கடைசி வார்த்தை சந்திரகாந்தியிடம் அட்டைப்பூச்சி போல ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் வாரம் உரப் பாத்தி நாலு விரல் உயர்ந்து நின்றது. திங்கட்கிழமை மாலை அவள் இறங்கி, தேயிலையில் கிள்ளுவது போல நுனி நுனியாகக் கிள்ளி எறிந்தாள். உயரம் சமமாயிற்று.

கிள்ளினால் செடி சும்மா இருக்குமா? தேயிலையில் முப்பது வருடம் பார்த்த விஷயம், பதற்றத்தில் மறந்துவிட்டது. பத்தே நாளில் பக்கமெல்லாம் கிளை வெடித்துப் புதராயிற்று.

சரி, உரம் போடாத பாத்தியையும் வளர்த்துவிடலாம் என்று ஒரு மூடி உரம் கலக்க வேண்டிய தண்ணீரில் நாலு மூடி கலந்து அதற்குத் தெளித்தாள். இலையெல்லாம் கருகிச் சுருண்டது. இப்போது கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்து வித்தியாசம் சொல்லிவிடுவார்.

மிஸ் வந்தாள். இரண்டு பாத்தியையும் வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். கீழே பதுளை ரயில் போய் முடிந்ததும் நோட்டைத் திறந்தாள்.

"வித்தியாசம் ஒண்ணும் தெரியலயேம்மா. அடுத்த வாரமும் பாத்துருவோம்."

"ஆமாங்க மிஸ், ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு!"

பாவம், படித்த பிள்ளைக்குக் கண் பழுது என்று இரங்கி, சந்திரகாந்தி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் ரொட்டி சுட்டாள். ஒவ்வொரு செவ்வாயும் வித்தியாசம் தெரியவில்லை.

கடுகு காய்ந்து, அறுத்து முடித்த வாரம், அலுவலகப் பியோன் நிமலன் வந்தான்.

"இந்தப் பாத்திக்குக் குடுத்த டேப்ப ஆபீஸ்ல வாங்கிட்டு வரச் சொன்னாங்கம்மா."

"ஐயையோ, ஆராய்ச்சி இன்னும் முடியலயே தம்பி! மொதல்ல அந்த மிஸ்ஸுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க."

நிமலன் தலையைச் சொறிந்தான்.

"எந்த ஆராய்ச்சி? இந்தப் பாத்தி கெட்டுப்போச்சுன்னு ஆறாம் வாரமே மிஸ்ஸே பட்டியல்ல இருந்து வெட்டிட்டாங்களே! ஓ... செவ்வாய்க்கெழமயானா மிஸ் லீவு போட்டுட்டு இங்கதான் வர்றாங்களா?"

நிமலன் டேப்போடு போனான். கடுகு இரண்டும் ஒரே சாக்கில் கலந்தது. சந்திரகாந்தி ரொட்டிக்கு மாவு வாங்கி வைத்தாள். துஷாந்தினி அடுத்த செவ்வாயும் வந்து, வெறும் மண்ணைச் சாணால் அளந்து, வித்தியாசமில்லை என்று எழுதிக்கொண்டாள்.