இடது பக்கப் பொத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்; எல்லோரும் என்றால் நான்தான். அத்தானுக்கு முட்டிவலி தேவலையா?

"தனியா அங்க என்ன பண்ற, மொத்தமா வந்துடு" என்று ஏழு மாதமாகக் கூப்பிடுகிறாய். வருகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாசத்தில் வருகிறேன் என்று நினைத்துக்கொள்வாய்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, டிக்கெட் போடும் அந்த அலுவலகத்தில் அவருடைய நாற்காலியை முதலாளி எனக்குக் கொடுத்தார் அல்லவா, அதில் அவருடைய சின்ன மெத்தை அப்படியே இருக்கிறது. பத்தொன்பது வருஷம் உட்கார்ந்ததில் நடுவில் அவர் அளவுக்கு ஒரு பள்ளம். நான் ஓரத்தில் தொற்றிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். எட்டாவது படித்தவளுக்கு அது பெரிய வேலை இல்லை. திரையில் இரண்டு பொத்தான். இடது பக்கம் 'போக மட்டும்', வலது பக்கம் 'போக வர'. எனக்கு இடது பக்கம் கை போகவில்லை. ஒருத்தர் கிளம்பினால் திரும்பி வர ஒரு தேதி இருக்க வேண்டாமா? போட இடம் இருக்கிறது, போட்டுவிடுகிறேன். சலுகையில் இரண்டுக்கும் பல நாள் ஒரே விலை என்பதால் யாரும் உடனே கவனிப்பதில்லை.

முதலில் பல் டாக்டர் வந்தார். "ஏம்மா, நான் அங்கயே குடியேறப் போறேன். இருபதாம் தேதி எதுக்கு என்னைத் திரும்பக் கூப்பிடுறீங்க?" என்றார். "பிடிக்கலைன்னா வரணுமே டாக்டர்" என்றேன். "வீட்டையே வித்துட்டேன்மா." "அதனால என்ன, எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதான கிடக்கு" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன், முதலாளிக்கு இருமல் வந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, அடுத்து புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தையல்காரி தையல் மிஷினோடு கிளம்பினாள், அவளுக்கும் பதினெட்டாம் தேதி போட்டுவிட்டேன், டிக்கெட்டின் நகல் எப்படியோ அந்த ஆள் கையில் கிடைத்து, அவள் திரும்பி வருகிறாள் என்று வீட்டுக்கு வெள்ளையடிக்கிறான் அக்கா. அவள் போனில் பிடித்துக்கொண்டாள்: "உங்களால அந்தாளு தினமும் கூப்பிட்டு, வர்றன்னைக்கு என்ன சமைக்கட்டும்னு கேக்குறான். பத்து வருஷமா ஒரு டம்ளர் கழுவாத மனுஷன்." முதலாளி நல்லவர்தான், மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடுவேன்மா."

வேறு யாரோ அந்தப் பள்ளத்தில் உட்காருவதைப் பார்க்க என்னால் ஆகாது. முதலாளி சொல்லும் முன் நானே எழுந்துகொள்கிறேன். என் டிக்கெட்டையும் நானே போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இறங்குவேன். ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு கட்டில் போட்டு வை. மெத்தையையும் எடுத்து வருகிறேன், ஏன் என்று கேட்காதே.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், பெரியவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உன் தங்கச்சி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பன்னிரண்டாம் தேதி திரும்புவதாக இருக்கிறது. முதலாளியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை மாத்த வேணாம்மா. பதிமூணாம் தேதி ஒம்பது மணிக்கு வந்துடுங்க" என்றார். அதனால் கட்டில் வேண்டாம், எட்டு நாளுக்குப் பாய் போதும். மெத்தை நாற்காலியிலேயே இருக்கட்டும். இன்றைக்குப் பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கிறது.